பனிக்காலத்துக்குத் தேனீக்கு எந்தச் சர்க்கரை? வெள்ளையா, நாட்டுச் சர்க்கரையா?

புதுப்பெட்டி
செப்டம்பர் 6

வணக்கம். கனடாவில், டொரண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறேன், சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். இந்த மே மாதம் இரண்டு தேனீக் கூட்டம் வாங்கினேன். பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து தள்ளித்தான் பெட்டி வைக்க வேண்டும். என் கொல்லையே மொத்தம் 12 மீட்டர்தான். அதனால் ஸ்டௌஃப்வில் தாண்டி ஒரு நண்பரின் பண்ணையில் வைத்திருக்கிறேன்.

முதல் வருட ஆசையில் ஆகஸ்டில் கொஞ்சம் அதிகமாகவே தேன் எடுத்துவிட்டேன். இப்போது தூக்கிப் பார்த்தால் பெட்டி லேசாக இருக்கிறது. சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும் என்று தெரிகிறது, எந்தச் சர்க்கரை என்பதில்தான் குழப்பம். எங்கள் வீட்டில் வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தி நாலு வருடம் ஆகிறது, காபிக்குக்கூட நாட்டுச் சர்க்கரைதான். நாம் தொடாத பொருளைத் தேனீக்குக் கொடுக்க மனசு வரவில்லை. தமிழ்க் கடையில் நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாமே கிடைக்கிறது. அதில் சத்தும் அதிகம்தானே? எத்தனை கிலோ வேண்டியிருக்கும்? எலுமிச்சை பிழிய வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், அது சரியா?


பனிக்கூடு
செப்டம்பர் 6

வெள்ளைச் சர்க்கரை. கடையில் இருப்பதிலேயே மலிவான, வெள்ளை வெளேர் என்று இருக்கிற சாதாரணச் சர்க்கரை. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பிரவுன் சுகர், 'ஆர்கானிக்' என்று எழுதிய இளமஞ்சள் சர்க்கரை எதுவும் வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். நம் ஊரில் தேனீ வருடம் முழுக்கப் பறக்கும். இங்கே நவம்பர் முதல் மார்ச் வரை பெட்டிக்குள் ஒரு பந்துபோல் ஒட்டிக்கொண்டு, இறக்கைத் தசையை அதிரவைத்துச் சூடு உண்டாக்கி உயிர் வாழும். குளிர்காலம் முழுக்க உறங்கிக் கிடப்பதில்லை, சாப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆனால் பெட்டிக்குள் மலம் கழிக்காது. வெயில் அடித்து 10 டிகிரியை ஒட்டி வருகிற ஒரு நாளுக்காக வாரக்கணக்கில், சில வருடம் மாதக்கணக்கில் அடக்கிவைத்திருக்கும். அப்படிப்பட்ட வயிற்றுக்குள் செரிக்காத எது போனாலும் இடத்தை அடைக்கும். நீங்கள் 'சத்து' என்று சொல்கிற உப்புகளும் கசடும்தான் அந்தச் செரிக்காத சரக்கு. தாங்க முடியாதபோது பெட்டிக்குள்ளேயே கழித்துவிடும். அடையெல்லாம் கழிச்சல். நோசிமா போன்ற குடல் நோய் ஏற்கெனவே கொஞ்சம் இருந்தால் அதை நக்கிச் சுத்தம் செய்யும் தேனீக்கெல்லாம் தொற்றும்.

புரதமும் மற்ற சத்தும் தேனீக்கு மகரந்தத்திலிருந்து வருகிறது. சர்க்கரை அதற்கு வெறும் விறகு. புகை குறைவாக எரிகிற விறகாகப் பாருங்கள், அவ்வளவுதான்.

பெட்டியின் எடையை கிலோவில் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம்.


வன்னித்தேன்
செப்டம்பர் 7

சிரிக்காமல் வாசியுங்கள். நான் இருப்பது டொரண்டோவுக்குப் பக்கத்தில் அஜாக்ஸ், ஊர் முல்லைத்தீவு. நாலு வருடத்துக்கு முன் எனக்கும் இதே கேள்வி வந்தது. கோயம்புத்தூர்க்கார நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "ரெண்டு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணி" என்றார். எங்களுக்குச் சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடுகிற கட்டிச் சர்க்கரை. வெள்ளையாக இருப்பது சீனி. நானும் கடைக்குப் போய் 15 கிலோ சர்க்கரை வாங்கி, உலக்கையால் இடித்து, கரைத்து, வடிகட்டி, பக்தியோடு கொண்டுபோய் வைத்தேன். தேனீயும் குடித்துத் தீர்த்தது.

பெப்ரவரியில் போய்ப் பார்த்தால் பெட்டியின் முன்பக்கம் முழுக்க மண்ணிறக் கோடுகள். மூடியைத் திறந்ததும் அடித்த நாற்றத்தை இன்னும் மறக்கவில்லை. அடை கட்டுகிற மரச் சட்டங்களின் தலைப்பெல்லாம் பூசி மெழுகியது போல் கிடந்தது. ஒரு கூட்டம் முழுதும் செத்திருந்தது. மற்றது ஒரு கைப்பிடித் தேனீயோடு ஏப்ரல் வரை இழுத்துக்கொண்டிருந்துவிட்டுப் போனது.

நண்பர் இன்றுவரை "நான் சரியாகத்தானே சொன்னேன்" என்கிறார். அவர் சரியாகத்தான் சொன்னார்.


புதுப்பெட்டி
செப்டம்பர் 7

அண்ணா, மன்னிக்கவும், சிரித்துவிட்டேன். அப்புறம் பயந்துவிட்டேன். நாட்டுச் சர்க்கரை இரண்டு பை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தேன். அது சமையலறைக்குப் போய்விட்டது.


இயற்கைவழி
செப்டம்பர் 8

எல்லோரும் வெள்ளைச் சர்க்கரைக்குச் சான்றிதழ் கொடுக்கிறீர்கள். அது வேண்டியே இருக்காத நிலையை ஏன் யாரும் பேசவில்லை? தேனீ தனக்காகச் சேர்த்த தேனை எடுத்துவிட்டு, பதிலுக்கு ஆலைச் சர்க்கரையைக் கரைத்து ஊற்றுகிறோம். தேனை அப்படியே விட்டுவிட்டால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. தேனீ கோடிக்கணக்கான வருடம் வாழ்ந்தது தேனில்தான், சுத்திகரிப்பு ஆலையை நம்பி அல்ல.


பனிக்கூடு
செப்டம்பர் 8

முதல் பாதியை ஒத்துக்கொள்கிறேன். நான் 14 வருடமாக வைத்திருக்கிறேன், கோடைத் தேனில் ஒரு பங்கை எடுக்காமல்தான் விடுகிறேன். புதுப்பெட்டித் தம்பியும் அடுத்த வருடம் அப்படிச் செய்வார் என்று நம்புகிறேன். இந்த வருடம் தேன் புட்டிக்குள் போய்விட்டது, தேனீ பெட்டிக்குள் இருக்கிறது. இப்போது தத்துவம் பேசினால் ஜனவரியில் பட்டினி.

இன்னொன்று. தேன் எல்லாமே குளிருக்கு ஏற்றதல்ல. மரத்தில் அசுவினி விடுகிற தேன்பிசினை நக்கிச் சேர்த்த கறுப்புத் தேனில் உப்பு அதிகம். அதில் குளிர்காலத்தைக் கழிக்கிற கூட்டத்துக்கும் வன்னித்தேன் அண்ணா சொன்ன கதைதான். கனோலாத் தேன் அடைக்குள்ளேயே கல்லாக உறைந்துவிடும். உறைந்ததைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும், குளிரில் தண்ணீர் எடுக்க வெளியே போக முடியாது. உங்கள் சுற்றுவட்டாரத்தில் என்ன பூக்கிறது என்று தெரியாமல் "தேனை விடுங்கள், போதும்" என்று எல்லோருக்கும் சொல்ல எனக்குத் துணிவில்லை.

கடைத் தேனை வாங்கி ஊற்றலாமே என்று அடுத்து யாராவது கேட்பார்கள். கூடவே கூடாது. அமெரிக்கப் புழு அழுகல் நோயின் வித்துகள் தேனில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். நமக்கு ஒன்றும் செய்யாது, தேனீப் புழுவை அழித்துவிடும். அந்த நோய் வந்த பெட்டியை இங்கே எரிக்கத்தான் சொல்வார்கள்.


மூலக்கூறு
செப்டம்பர் 8

வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன், தேனீ வளர்ப்பவன் அல்ல. மைத்துனர் வளர்க்கிறார், கணக்கு என்னிடம் வரும்.

வெள்ளைச் சர்க்கரை 99.9 சதவீதம் சுக்ரோஸ். பூவின் தேன்சாறில் இருக்கிற சர்க்கரைகளில் முக்கியமானதும் அதுவே. தேனீயின் சுரப்பியில் இருக்கிற இன்வர்ட்டேஸ் என்ற நொதி அதைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று உடைக்கிறது. வெல்லத்தில் சுக்ரோஸ் 65 முதல் 85 சதவீதம்தான், மீதி வேறு சர்க்கரைகள், ஈரம், உப்பு, கசடு. போதாததற்கு வெல்லம் பளிச்சென்று மஞ்சளாக இருக்க ஹைட்ராஸ் என்ற வெளுக்கும் இரசாயனம் போடுகிற ஆலைகளும் உண்டு என்பது ஊரறிந்த விஷயம்.

கரும்புச் சர்க்கரையா பீட் சர்க்கரையா என்றும் சிலர் சண்டை போடுவார்கள். டொரண்டோ ஏரிக்கரையில் இருக்கிற ரெட்பாத் ஆலையில் கரும்பு, ஆல்பர்ட்டாவின் டேபரில் பீட். பையைப் பிரித்தபின் இரண்டும் ஒரே மூலக்கூறு, தேனீக்கு வித்தியாசம் தெரியாது. ஆய்வகத்துக்குத் தெரியும். கரும்பும் பீட்டும் கார்பனைப் பிடிக்கிற முறை வேறு, அதனால் தேனில் கரும்புச் சர்க்கரை கலந்தால் கார்பன் ஐசோடோப்புச் சோதனையில் அகப்படும். பாகு வைக்கிற காலத்தில் மேலே தேன் அறை (நாம் எடுக்கிற தேனுக்கான மேலடுக்கு) இருக்கக்கூடாது என்பது இதனால்தான். அந்தத் தேனைப் பிறகு தேன் என்று விற்க முடியாது.

எலுமிச்சைக்கு வருகிறேன். சர்க்கரையில் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் அது உடையும் என்பது உண்மை, மிட்டாய்க்காரர்கள் செய்வது. ஆனால் கூடவே ஹெச்.எம்.எஃப். என்ற பொருள் உண்டாகும். அது தேனீக்கு நஞ்சு. உடைக்கிற வேலையைத் தேனீ தானே செய்துகொள்ளும், நாம் எலுமிச்சையோடு உதவிக்குப் போக வேண்டாம். வினிகரும் அப்படியே.

ஐசிங் சுகர் வெள்ளையாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். கட்டிப்படாமல் இருக்க அதில் சோளமாவு சேர்த்திருப்பார்கள். மாவு செரிக்காது.


புதுப்பெட்டி
செப்டம்பர் 9

இன்று லக்கேஜ் தராசை மாட்டி எடை பார்த்தேன். ஒரு பக்கம் தூக்கி, அப்புறம் மறுபக்கம் தூக்கி இரண்டையும் கூட்டினேன். இரண்டும் இரண்டு அடுக்குப் பெட்டிகள். முதலாவது 41 கிலோ, இரண்டாவது 48 கிலோ.

பாகு காய்ச்சும்போது எந்தப் பதம் வரை விடவேண்டும்?


மூலக்கூறு
செப்டம்பர் 9

பதமா! பாகு என்ற சொல்லே நம்மை அடுப்புக்கு இழுத்துக்கொண்டு போகிறது. கம்பிப் பதம், உருட்டுப் பதம் எல்லாம் அதிரசத்துக்கு. இது வெறும் கரைசல். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, இறக்கி வைத்து, அதில் சர்க்கரையைக் கொட்டிக் கிளறுங்கள். அடிப்பிடித்துப் பொன்னிறமானால் அதைத் தேனீக்கு வைக்காதீர்கள்.


பனிக்கூடு
செப்டம்பர் 9

என் கணக்கு: இரண்டு அடுக்குப் பெட்டி, தேனீ, அடை, தேன் எல்லாம் சேர்த்து 60 கிலோவை நெருங்கினால் எனக்கு நிம்மதி. அதில் சாப்பாடு மட்டும் ஏறக்குறைய 30 கிலோ. உங்களுக்கு ஒன்றில் 19 கிலோ, மற்றதில் 12 கிலோ குறைகிறது.

ஒரு கிலோ சர்க்கரை போட்டால் ஏறக்குறைய ஒரு கிலோ சேமிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீர் சேர்ந்து எடை கூடும், அதைத் தேனீ ஆற்றி மெழுகால் மூடுவதற்கே கொஞ்சம் செலவாகிவிடும், சரிக்குச் சரி. ஆகமொத்தம் 31 கிலோ. 20 கிலோ மூட்டை இரண்டு வாங்குங்கள், மிச்சம் ஜனவரிக்கு உதவும்.

எடையில் இரண்டு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர். 2 கிலோவுக்கு ஒரு லிட்டர். கரைந்தபின் 2.25 லிட்டர் வரும். இதைவிடக் கெட்டியாகப் போக முடியாது, ஆறினதும் அடியில் படிகமாகிவிடும். ஒன்றுக்கு ஒன்று கரைசல் வசந்தத்துக்கு. அந்தத் தண்ணிக் கரைசலைக் கண்டால் பூ வந்துவிட்டது என்று ராணி முட்டையிடக் கிளம்பிவிடும், இப்போது நமக்கு அது வேண்டாம்.

எதைக் கொடுப்பது என்பதைவிட எப்போது கொடுப்பது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். கோடைத் தேனீ ஆறு வாரத்தில் சாகும். குளிர்காலத் தேனீ ஐந்து, ஆறு மாதம் இருக்க வேண்டும். இந்த 31 கிலோவைத் தூக்கி, ஆற்றி, மூடுகிற கூலிவேலையை எப்படியும் சாகப்போகிற கோடைத் தேனீக்கள் செய்து முடித்துவிட்டால் நல்லது. அக்டோபர் கடைசியில் கொடுத்தால் அந்த வேலை குளிர்காலத் தேனீயின் தலையில் விழும். அப்போது குளிரும் வந்திருக்கும், ஈரத்தை ஆற்ற முடியாது, மூடாத அறையில் கிடக்கிற பாகு புளிக்கும். 10 டிகிரிக்குக் கீழே போனால் பாகைத் தொடக்கூட வராது. இந்த வாரமே தொடங்குங்கள்.

பெட்டிக்குள்ளேயே வையுங்கள், மாலையில் வையுங்கள், வாசலைச் சிறிதாக்குங்கள். வெளியே ஒரு சொட்டுச் சிந்தினாலும் அக்கம்பக்கத்துத் தேனீயும் குளவியும் திருட வந்துவிடும்.

அப்புறம், தேனீமேல் ஒட்டி வாழ்ந்து கூட்டத்தையே அழிக்கிற வர்ரோவா உண்ணிக்கு என்ன செய்தீர்கள்? அதை விட்டுவிட்டு 40 கிலோ சர்க்கரை கொடுத்தாலும் செத்த தேனீக்குத் திதி கொடுப்பதுபோல்தான்.


புதுப்பெட்டி
செப்டம்பர் 10

ஆகஸ்ட் கடைசியில் ஃபார்மிக் அமிலப் பட்டை வைத்தேன் அக்கா. நவம்பரில் புழு இல்லாதபோது ஆக்ஸாலிக் அமிலம் வைக்க எண்ணம்.


மார்த்தாண்டத்தான்
செப்டம்பர் 11

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் பனி எனக்குப் புதுசு. எங்களுக்குப் பனிக்குப் பதில் மழை.

எங்கள் பக்கம் தேன் வருவது ரப்பரிலிருந்து, அதுவும் பூவிலிருந்து அல்ல. குளிரில் இலை உதிர்ந்து, ஜனவரி பிப்ரவரியில் துளிர்க்கும்போது இலைக்காம்பின் நுனியில் தேன் சுரக்கும். ஏப்ரலோடு அது ஓய்ந்துவிடும். ஜூனில் மழை பிடித்தால் அக்டோபர் வரை ஒன்றும் கிடையாது. எங்கள் தேனீ சிறியது, உங்கள் இத்தாலியத் தேனீபோல் பொறுத்திருந்து சாகாது. சாப்பாடு இல்லையென்றால் ஒரு நாள் காலையில் மொத்தமாகப் பெட்டியை விட்டு ஓடிவிடும். காலிப் பெட்டியும் மெழுகுப் பூச்சியும் மிஞ்சும். அதற்குப் பயந்துதான் சீனிக் கரைசல்.

ஒன்றுக்கு ஒன்று, வாரம் ஒரு சிரட்டை. மேலே நாலு குச்சி போடுவோம், இல்லையென்றால் மூழ்கிச் சாகும். இரண்டு பங்குக் கெட்டிக் கரைசலெல்லாம் இங்கே தேவையில்லை. எங்கள் நோக்கம் ஆறு மாதத்துக்குச் சேர்த்துவைப்பது அல்ல, ரப்பர் துளிர்க்கும் வரை கூட்டத்தைப் பிடித்துவைப்பது.

கருப்பட்டி விஷயத்தில் கொஞ்சம் மறுப்பு. என் தாத்தா கருப்பட்டித் தண்ணீர்தான் வைப்பார், வீட்டில் பனை இருந்தது, சீனி விலை அதிகம். தேனீ அதனால் சாகவில்லை. மழை விட்ட கொஞ்ச நேரத்தில் வெளியே போய்க் கழித்துவிட்டு வந்துவிடும், அடக்கிவைக்க வேண்டிய அவசியம் இல்லையே. ஆனால் நான் வைப்பதில்லை. இரண்டாம் நாளே புளிக்கும், எறும்பு எங்கிருந்தோ வந்துவிடும். இன்று சந்தையில் கிடைக்கிற கருப்பட்டியில் எவ்வளவு சீனி கலந்திருக்கிறது என்பது வேறு கதை. கருப்பட்டி விலை கொடுத்துச் சீனி வாங்குவானேன், நேராகச் சீனியே வாங்கலாம்.

அந்த அக்கா தேன் வேண்டாம் என்றது முழுக்கச் சரி. 1991, 92இல் தாய் சாக்புரூட் நோய் வந்து தென்னிந்தியாவில் பெரும்பாலான கூட்டம் போயிற்று. புழு பைபோல் நீர் கோத்துச் சாகும். எங்கள் வீட்டுப் பின்புறம் வரிசையாகக் காலிப் பெட்டிகள் கிடந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதன்பிறகு ஒரு பெட்டியின் தேனையோ அடையையோ கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றுக்குக் கொடுப்பதை அப்பா நிறுத்திவிட்டார்.


இயற்கைவழி
செப்டம்பர் 11

அண்ணாச்சி சொன்னதில் எனக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது: பறக்கிற தேனீக்குக் கருப்பட்டி கேடில்லை.


மார்த்தாண்டத்தான்
செப்டம்பர் 12

கேடில்லை என்று சொல்லவில்லை தம்பி, சாகவில்லை என்றேன்.


வன்னித்தேன்
செப்டம்பர் 12

தேனீ விரும்பிக் குடிக்கிறது என்பதையும் சாட்சியாக எடுக்கவேண்டாம். எனது கூட்டம் அந்தச் சர்க்கரையைச் சொட்டு விடாமல் குடித்தது. 2012இல் பிரான்சின் ரிபோவில்லே ஊரில் மிட்டாய்க் கழிவைக் குடித்துவிட்டு நீலத்திலும் பச்சையிலும் தேன் வைத்த தேனீக்கள்கூட உண்டு. இனிப்பு என்றால் போதும் அதற்கு.


புதுப்பெட்டி
அக்டோபர் 8

முதல் பெட்டி 58, இரண்டாவது 61. 32 கிலோ போனது. கடைசி வாரம் குடிப்பதைக் குறைத்துவிட்டன, ஃபீடரை எடுத்துவிட்டேன். ஒரு நாள் வாளி கவிழ்ந்து பண்ணை முழுக்கக் குளவி, நண்பர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.


புதுப்பெட்டி
ஜனவரி 19

அவசரம். நேற்று கொஞ்சம் வெயில் வந்ததும் மூடியை ஒரு நிமிடம் தூக்கிப் பார்த்தேன். முதல் பெட்டியில் தேனீக்கள் சட்டங்களின் உச்சிக்கு வந்துவிட்டன. எடை 44தான். இப்போது பாகு வைக்கலாமா?


பனிக்கூடு
ஜனவரி 19

பாகு வேண்டாம், உறைகிற குளிரில் பெட்டிக்குள் ஈரத்தை விடாதீர்கள். மிச்சச் சர்க்கரை 8 கிலோ இருக்குமே. சட்டங்களின் மேல் ஒரு செய்தித்தாளை விரியுங்கள், தேனீ இருக்கும் இடத்தில் சின்னக் கிழிசல் ஒன்று விடுங்கள். சர்க்கரையை அதன்மேல் அப்படியே கொட்டி, கட்டிப்படுகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளியுங்கள். மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு அங்குல மரச் சட்டகம் வேண்டியிருக்கும், பழைய பலகையில் அடித்துக்கொள்ளலாம். தேனீயின் மூச்சிலிருந்து மேலே போகிற ஈரம் சர்க்கரையில் இறங்கும், அந்த ஈரத்தில் நக்கிக்கொள்ளும். ஒரு பெட்டிக்கு 4 கிலோ. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், எல்லாம் தயாராக எடுத்துக்கொண்டு போங்கள்.

உச்சிக்கு வந்தது மட்டும் பஞ்சத்தின் அடையாளம் அல்ல, சூடு மேலே இருப்பதால் கூட்டம் மெதுவாக மேலே ஏறும். ஆனால் 44 எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெட்டிக்கு மட்டும் போதும், மற்றதைத் திறக்கவேண்டாம்.


புதுப்பெட்டி
ஜனவரி 21

வைத்துவிட்டேன். உள்ளூர்த் தமிழ் வார இதழைத்தான் விரித்தேன், ராசிபலன் பக்கம்.


புதுப்பெட்டி
மார்ச் 14

நேற்று 12 டிகிரி. இரண்டு பெட்டியும் பறந்தன! பனிமேல் மஞ்சள் புள்ளி நிறைய. வன்னித்தேன் அண்ணா சொன்னது ஞாபகம் வந்து நெஞ்சு பதறியது.


வன்னித்தேன்
மார்ச் 14

பெட்டியில் கோடு உண்டா? உள்ளே நாற்றம்?


புதுப்பெட்டி
மார்ச் 14

வாசல் பலகையில் இரண்டு மூன்று புள்ளி. மற்றதெல்லாம் தள்ளிப் பனியில்தான். உள்ளே மெழுகு வாசனை. முதல் பெட்டியில் செய்தித்தாளைக் கடித்துத் துப்பியிருக்கின்றன, சர்க்கரையில் பாதி போயிருக்கிறது.


வன்னித்தேன்
மார்ச் 14

அப்படியென்றால் பயமில்லை. நாலு மாதம் அடக்கியதை வெளியே போய்க் கழித்திருக்கின்றன. எனது பெட்டி வாசலிலேயே முடித்துவிட்டது.


பனிக்கூடு
மார்ச் 15

நல்ல செய்தி. ஆனால் பட்டினிச் சாவு அதிகம் நடப்பது இனிமேல்தான். புழு வளர்க்கத் தொடங்கிவிடும், செலவு இரட்டிக்கும், பூ இன்னும் வராது. ஏப்ரல் முழுக்க வாரம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.


புதுப்பெட்டி
மார்ச் 15

சரி அக்கா. வீட்டில் 4 கிலோ வெள்ளைச் சர்க்கரை மிச்சம் கிடக்கிறது, யாரும் தொடமாட்டேன் என்கிறார்கள். ஏப்ரலில் ஒன்றுக்கு ஒன்று கரைத்து வைக்கலாமா?


பனிக்கூடு
மார்ச் 15

எடை குறைந்தால் மட்டும். சட்டத்தில் தேன் இருந்தால் வேண்டாம். டேன்டிலையன் மஞ்சள் பூத்ததும் நிறுத்திவிடுங்கள், தேன் அறை ஏற்றுகிற நேரத்தில் ஒரு சொட்டுக்கூட இருக்கக்கூடாது.